கண்ணகியின் வழக்கு எங்கே?

கோவலன் கதையை எந்த ஊரிலும் ஆடலாம். பூம்புகாரிலே ஆடலாம், வஞ்சியிலே ஆடலாம், கடல் கடந்து ஈழத்திலும் ஆடலாம். ஆனால் மதுரை மண்ணிலே அதை ஆடுவதற்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. கிரேக்க நாட்டு ஏதென்சு நகரத்தார் ஈடிபசு மன்னனின் வீழ்ச்சியை அரங்கிலே கண்டு கலங்கினார்கள். அந்த ஈடிபசு தீப்சு நகரத்தான், அவர்களுக்கு அயலூரான். அயல்வீட்டு இழவுக்கு அழுவது எளிது. மதுரை மக்களோ, தம் ஊர் மன்னன் நீதி தவறியதை, தம் ஊர் தீக்கிரையானதை, தாமே பணம் திரட்டி, தாமே மேடையேற்றி, தாமே பார்க்கிறார்கள். தன் பழியைத் தானே பாடும் ஊர் உலகிலே எத்தனை உண்டு!

பழங்காநத்தம் பக்கத்திலே கோவலன் பொட்டல் என்றோர் இடம் இருக்கிறது. கோவலன் வெட்டுண்டது அங்கேதான் என்பார்கள் மக்கள். அழகர்கோயில் சாலையிலே கடச்சனேந்தல் இருக்கிறது. கண்ணகி கடைசியாகச் சிலம்பு ஏந்திய இடமாதலால் அப்பெயர் வந்தது என்று காரணம் கூறுவாரும் உளர். இவை வரலாறா, வாய்மொழியா என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டா. நூற்றாண்டுகள் பல கழிந்தும் ஒரு கொலையை மறவாத ஊர் இது என்பதே நமக்குப் போதும். அப்படிப்பட்ட ஊரின் அரங்கிலே அந்தக் கொலை எவ்வாறு காட்டப்படுகிறது என்று கேட்பது கலையைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. நீதியைப் பற்றிய கேள்வியுமாகும்.

அண்மையிலே, பங்குனித் திருவிழாவையொட்டி, மதுரைக்குக் கிழக்கே வைகைப் பாசனத்து ஊர் ஒன்றில் விடிய விடிய நடந்த கோவலன் நாடகத்தைப் பார்த்தோம். ஊர்ப்பெயரும் நடிகர் பெயரும் இங்கே தேவையில்லை. நாம் சொல்லப்போகும் குறை ஓர் ஊருக்கோ ஒரு நடிகருக்கோ உரியதன்று. வேறோர் ஊரிலே வேறொரு குழு ஆடியிருந்தாலும் இதே கட்டுரையைத்தான் எழுதியிருப்போம்.

மேடைக்குத் தார்ப்பாய்க் கூரை. பின்னே அரண்மனை தீட்டிய திரை. ஓரத்திலே ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு, தாளம். இரவு பத்து மணிக்கு நாடகம் என்று நோட்டீசு சொன்னது. பத்து மணிக்கு வந்தவர் கோவலன் அல்லர், பபூன். அவரும் நடனப் பெண்மணியும் இரட்டைப் பொருட் பேச்சிலே இரண்டரை மணி நேரத்தைக் கரைத்தார்கள். பிள்ளைகள் மணலிலே உறங்கிப் போனார்கள். பெரியவர்கள் தேநீர்க் கடைக்குப் போய்வந்தார்கள். நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் ராஜபார்ட் மேடைக்கு வந்தார். நல்ல குரல், நெடிய மூச்சு, சங்கீத ஞானமும் இருந்தது. "பொறுத்தது வீண்போகவில்லை" என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். அந்த நிமிர்வு நெடுநேரம் நிலைக்கவில்லை!

கதை தொடங்கியதோ இன்னும் பின்னாலே போய். காளி சினந்தாளாம். பாண்டியன் குலத்தைக் கருவறுக்கக் கண்ணகியாய்ப் பிறப்பேன் என்று சூளுரைத்தாளாம். பாண்டியன் அரண்மனையிலேயே பெண்ணாய்ப் பிறந்தாளாம். சோதிடன் சொற்கேட்டு, குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றிலே விட்டார்களாம். அதைப் புகார் நகரத்து வணிகர் எடுத்து வளர்த்தார்களாம். நாட்டார் கதைப் பாடல்களிலே நெடுநாளாய் வழங்கும் கதைதான் இது. ஆனால் இதை முதற்காட்சியாக வைத்தவுடன் என்ன நேர்ந்தது? முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டது! இனிப் பாண்டியன் ஆராய்ந்தால் என்ன, ஆராயாவிட்டால் என்ன? பொற்கொல்லன் பொய் சொன்னால் என்ன, மெய் சொன்னால் என்ன? எல்லாம் காளியின் கணக்கு. மனிதர்கள் அக்கணக்கிலே வெறும் காய்கள்.

அடுத்து மாதவி. மேடையிலே நாம் கண்ட மாதவி, பொன் பறிக்கப் பிறந்தவள். கோவலனின் கைப்பொருள் தீர்ந்ததும் கதவைச் சாத்துபவள். பபூன் அவளை ஏசுகிறான், கூட்டம் சிரிக்கிறது. இளங்கோவின் மாதவி இவள்தானா? தாழை மடலிலே மடல் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பியவள் அவள். கோவலன் ஊரைவிட்டே போய்விட்டான் என்று அறிந்ததும், கோசிகன் கையிலே இரண்டாம் மடலைக் கொடுத்துத் தன் பிழை பொறுக்க வேண்டியவள் அவள். அவன் இறந்தான் என்ற செய்தி கேட்டதும் துறவு பூண்டவள் அவள். மகள் மணிமேகலை கணிகையர் தொழிலிலே வீழாதபடி காத்தவள் அவள். பிறப்பாலே ஒரு குலத்தை இழிந்தது என்று ஒதுக்கும் சமுதாயத்தைப் பார்த்து, "இவளைப் பார்!" என்று காட்டுகிறது காப்பியம். மேடையோ அந்தப் பெண்ணை மீண்டும் அதே சேற்றிலே தள்ளிவிட்டுச் சிரிக்கிறது. காப்பியம் எழுந்து பல நூற்றாண்டு கழிந்த பின்னும் காப்பியத்துக்கு முன்னாலேயே நிற்பது நம் மேடை!

கொலைக்களத்துக்கு வருவோம். இளங்கோ எழுதிய கொலைக்களக் காதை, நாடகம் வல்லார் எவரும் விரும்பித் தேடிப்போக வேண்டிய இடம். அங்கே மன்னன் கொடியவன் அல்லன்; அவசரத்தில் இருப்பவன். நாடக மகளிரின் ஆடலிலே அவன் மனம் சென்றதாக எண்ணி ஊடிய தேவி, தலைநோவு என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவள் ஊடல் தீர்க்க விரைகின்ற வழியிலே பொற்கொல்லன் குறுக்கிடுகிறான். நின்று கேட்க நேரமில்லை. நடந்தபடியே பிறக்கிறது ஓர் ஆணை. அந்த ஆணை சில சொற்களே. ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. காவலர் கோவலனைக் காண்கிறார்கள். கண்டவுடன் வெட்டவில்லை. இவன் முகத்திலே கள்வன் குறி இல்லையே என்று தயங்குகிறார்கள்! உடனே பொற்கொல்லன், கள்வர்கள் துணைக்கொள்ளும் மந்திரம், தெய்வம், மருந்து என்று எட்டு வகைகளை எடுத்து விரிவுரை நிகழ்த்துகிறான். ஒருவன் தான் இருளிலே கண்ட கள்வனின் கதையைச் சொல்கிறான். என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அந்தத் தயக்கத்தின் நடுவே, கல்வியறிவற்ற களிமகன் ஒருவன் வாளை ஓங்கிவிடுகிறான். அவ்வளவுதான்; முடிந்தது.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். அவசரம் ஒருவனுடையது, பொய் ஒருவனுடையது, தயக்கம் சிலருடையது, வாள் ஒருவனுடையது. இவை நான்கும் கூடிய இடத்திலே குற்றமற்றவன் தலை உருண்டது. எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும், அதிகாரத்தின் கையிலே அப்பாவிகள் சாவது இப்படித்தானே? அந்தத் தயங்கும் காவலர்களை மட்டும் மேடையேற்றியிருந்தால் போதும், கூட்டம் மூச்சடக்கிப் பார்த்திருக்கும். "வெட்டாதே, விசாரி!" என்று பின்வரிசையிலிருந்து எவரேனும் கத்தியிருப்பார். நாம் கண்ட மேடையிலோ காவலர் இருவர் வந்தனர். பொற்கொல்லன் வேடதாரி அவர்களோடு நகைச்சுவைப் பேச்சு நடத்தினார். பொற்கொல்லர் சாதியையே பழிக்கும் ஏச்சுகள் நான்கைந்து பறந்தன. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல். கோவலன் செத்தான் என்று நாமே ஊகித்துக்கொண்டோம்.

விடியற்காலை நாலரை மணியளவில் கண்ணகி அரசவைக்கு வந்தாள். தலைவிரி கோலம், கையிலே ஒற்றைச் சிலம்பு. அந்த நடிகையார் தோன்றியபோது உறக்கத்திலிருந்த கூட்டம் விழித்தது உண்மை. அவருடைய குரலிலே வலிமை இருந்தது. கண்ணிலே நெருப்பு இருந்தது. கணவனை எண்ணி அவர் புலம்பத் தொடங்கியபோது நம் நெஞ்சும் கனத்தது. அந்த வேளை பார்த்து ஒலிபெருக்கி முழங்கியது: இன்னார் பேரன் இன்னார், கண்ணகியின் நடிப்பைப் பாராட்டி நூற்றொரு ரூபாய் அன்பளிப்பு வழங்குகிறார்! கண்ணகி அழுகையை நிறுத்தினாள். கைகூப்பினாள். நோட்டை வாங்கிக்கொண்டாள். மறுபடியும் அழுதாள். மறுபடியும் ஒலிபெருக்கி. மறுபடியும் கைகூப்பல். கணவனைப் பறிகொடுத்தவளை ஒரே காட்சியிலே நான்கு முறை நன்றி சொல்ல வைத்துவிட்டோம்!

பிறகு வழக்கு. அதை வழக்கு என்று சொல்வதற்கே நாக் கூசுகிறது. கண்ணகி ஒரு பாட்டுப் பாடினாள். சிலம்பைத் தரையிலே எறிந்தாள். மின்விளக்குகள் சிவந்தன. நாக்கை நீட்டிக் காளியாக மாறினாள். பாண்டியன் அலறிக்கொண்டு விழுந்தான். முழுக்காட்சியும் ஆறேழு நிமிடங்களுக்கு மேல் ஓடவில்லை. உடனே பூசாரி ஒருவர் மேடையேறினார். கற்பூரம் கொளுத்தப்பட்டது. கூட்டம் எழுந்து நின்று கன்னத்திலே போட்டுக்கொண்டது. சிலருக்கு அருள் வந்தது. கோழி கூவியது, நாடகம் முடிந்தது.

முன்வரிசையிலே நம் பள்ளிப் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். மறுநாள் வகுப்பிலே அவர்களைக் கேட்டோம்: "கோவலன் கள்வனல்லன் என்பதைக் கண்ணகி எப்படி மெய்ப்பித்தாள்?" ஒருவனும் சொல்லவில்லை. ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "சாமி வந்துச்சு சார், அதான் ராஜா செத்துட்டாரு" என்றாள். நாடகத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான திறனாய்வை நம்மால் எழுத முடியாது.

சாமி வந்தது, வழக்கு போயிற்று! நம் மனக்குறை முழுவதும் இதற்குள் அடங்கும்.

இளங்கோவின் வழக்குரை காதையை மனத்திலே கொண்டு பாருங்கள். அரண்மனை வாயிலிலே ஒருத்தி நிற்கிறாள். வாயிற்காவலன் ஓடிவந்து மன்னனிடம் சொல்வது என்ன? வந்திருப்பவள் கொற்றவையும் அல்லள், காளியும் அல்லள், தாருகனைக் கிழித்தவளும் அல்லள் என்று தெய்வப் பெண்களை ஒவ்வொருவராய் எண்ணி எண்ணி விலக்குகிறான். பிறகு சொல்கிறான்: சினத்தோடு நிற்கிறாள், கையிலே ஒரு சிலம்பு வைத்திருக்கிறாள், கணவனை இழந்தவள் என்று. காளியல்லள் என்று காப்பியமே கூறுகிறது! அவளைக் காளி என்று காட்டும் மேடை, இளங்கோவுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

உள்ளே வந்தவள் என்ன செய்கிறாள்? ஆராயாத மன்னன் என்று அவன் முகத்துக்கு நேரே குற்றஞ்சாட்டுகிறாள். புறாவுக்காகத் தன்னையே தந்தவனும், கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலிலே இட்டவனும் ஆண்ட ஊர் என் ஊர் என்று முன்னோர் நெறியை எடுத்துக்காட்டுகிறாள். தன் பெயர், கணவன் பெயர், குலம், வந்த நோக்கம், நேர்ந்த கொலை எல்லாவற்றையும் முறைப்படி உரைக்கிறாள். மன்னன் எதிர்வாதம் சொல்கிறான்: கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று. அவள் அழவில்லை, வாதத்தை ஒரே புள்ளிக்குக் கொண்டுவருகிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்பதை மன்னன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். காவலர் கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன்னே வைப்பவனும் அவனே. அவை பார்க்க உடைக்கிறாள். மாணிக்கம் தெறித்து மன்னன் முகத்திலே படுகிறது.

குற்றச்சாட்டு, முன்மாதிரி, எதிர்வாதம், சான்றுப்பொருள், சோதனை, தீர்ப்பு. வழக்கு மன்றத்துக்கு உரிய அத்தனையும் அங்கே இருக்கின்றன. பட்டம் படிக்காதவள், பரிந்து பேச ஆளில்லாதவள், ஊருக்குப் புதியவள், கணவனின் குருதி உலருமுன்னே வந்து நிற்பவள்; அவள் ஒரு பேரரசை எதிர்த்து வழக்காடி வென்றாள். வென்றது அருளாலே அன்று, சான்றாலே!

அதற்குப் பின் வருவது இன்னும் பெரிது. தோற்ற மன்னன் காவலரை ஏசவில்லை. பொற்கொல்லன்மேல் பழிபோட்டுத் தப்பவில்லை. விதி என்று தலையிலே அடித்துக்கொள்ளவும் இல்லை. பொற்கொல்லன் சொற்கேட்ட தான் மன்னனே அல்லன், தானே கள்வன் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு அரியணையிலிருந்து சாய்ந்து உயிர்விடுகிறான். பாண்டியனைக் கொன்றது பாண்டியனின் மனச்சான்று. மேடையிலே அவனைக் காளி கொன்றுவிட்டாள். தெய்வம் வந்து கொன்றால் அது தண்டனை. மனச்சான்று கொன்றால்தான் அவலம். ஒரு நாடகத்தின் உயிர்நாடியே அறுந்து போனபின், பாட்டு எவ்வளவு இனித்தால் என்ன?

"இளங்கோவும் ஊழ்வினையைப் பாடினாரே!" என்று சிலர் கேட்பர். பாடினார், மறுக்கவில்லை. ஆணை பிறந்த வேளையிலும் வினை விளைந்த காலம் என்கிறார். மதுராபதித் தெய்வத்தை வரவழைத்து, கோவலன் முற்பிறப்பிலே ஒரு வணிகனை ஒற்றன் என்று காட்டிக் கொல்வித்த கதையையும் சொல்ல வைக்கிறார். ஆனால் அக்கதையை அவர் எங்கே வைத்தார்? வழக்கு முடிந்து, மன்னன் மாய்ந்து, மதுரையும் எரிந்த பிறகு வைத்தார். முதலிலே மனிதரின் தவறு மனிதர் மன்றத்திலே மெய்ப்பிக்கப்படுகிறது. பிறகுதான் வினையின் விளக்கம் வருகிறது. மேடையோ அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. விளக்கத்தை முன்னே வைத்து வழக்கை விழுங்கிவிட்டது. பகுத்தறிவாளனுக்கு வினையிலே நம்பிக்கையில்லை. நம்புகிறவரும்கூட, இளங்கோ வைத்த வரிசையையாவது மதிக்க வேண்டாமா?

ஈடிபசையும் நெடுஞ்செழியனையும் பக்கத்திலே நிறுத்திப் பார்ப்பது பயன் தரும். சோபாக்ளிசு எழுதிய நாடகத்திலே, கொலைகாரன் யார் என்று ஈடிபசு விடாமல் ஆராய்கிறான். ஆராய்ந்த முடிவிலே, கொலைகாரன் தானே என்று காண்கிறான். ஆராய்ந்ததாலே வீழ்ந்தவன் அவன். ஆராயாததாலே வீழ்ந்தவன் நம் நெடுஞ்செழியன். இருவரும் உண்மை வெளிப்பட்டதும் ஓடி ஒளியவில்லை. தம்மைத் தாமே தண்டித்துக்கொண்டார்கள். உலக அவல நாடக வரிசையிலே தலைநிமிர்ந்து நிற்கத்தக்க ஒரு மன்னனை வைத்துக்கொண்டு, அவனைச் சிவப்பு விளக்குக்கு அஞ்சி விழும் பொம்மையாக்கிவிட்டோமே!

குறையை நடிகர் தலையிலே கட்டுவது எளிது, நேர்மையன்று. ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இம்முறையிலே ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே அமர்த்தப்படுகிறார். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். மாலையிலே ஒப்பனை அறையிலே சந்திக்கிறார்கள். இரவிலே கணவன் மனைவியாக ஆடுகிறார்கள். காலையிலே பேருந்தேறிப் பிரிகிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. திருவிழாக் காலத்து வருமானத்தை வைத்து ஆண்டு முழுவதும் அடுப்பெரிய வேண்டும். அன்பளிப்பு அறிவிப்புக்கு நடுவே அழுகையை நிறுத்த மறுத்தால், அடுத்த ஆண்டு அழைப்பு வராது. வெற்றிலைப் பாக்கோடு குடிப்பிறப்பையும் சேர்த்துப் பேசி இந்த நடிகையரை இழிவாய் நோக்கும் ஊர்தான், விடியற்காலையிலே அவர்கள் காலடியில் கற்பூரம் கொளுத்துகிறது. இந்த இரட்டை வேடத்தைவிடவா மேடை வேடம் பெரிது?

இம்மேடைக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. தூத்துக்குடிச் சீமையிலே 1867-இல் பிறந்த சங்கரதாசு சுவாமிகள், 1918-இல் இதே மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். பிள்ளைகளைச் சேர்த்து, பாடம் சொல்லி, ஒத்திகை நடத்தி, ஒழுங்கோடு மேடையேற்றினார். டி. கே. எசு. உடன்பிறந்தார் அங்கே வளர்ந்தவர்களே. மதுரையைப் பழித்து ஒரு பாட்டு வருகிறது என்று அவையிலே எதிர்ப்பு எழுந்தபோது, அதே பாட்டுக்கு வேறு பொருள் உரைத்து அவையை அவர் அடக்கினார் என்ற கதையும் வழங்குகிறது. அன்றைய மதுரையார் ஒவ்வொரு சொல்லையும் செவிகொடுத்துக் கேட்டார்கள் என்பதை அக்கதை காட்டுகிறது. இன்று எந்தச் சொல் வந்தாலும் எதிர்ப்பும் இல்லை, ஏற்பும் இல்லை. கேட்டால்தானே எதிர்ப்பதற்கு! 1922-இல் சுவாமிகள் மறைந்தார். அவர் படத்துக்கு மாலையிட்டுத்தான் இன்றும் ஒப்பனை தொடங்குகிறது. அவர் நடத்திய ஒத்திகைக்கு மட்டும் யாரும் மாலையிடவில்லை.

சிலம்பைச் சுவாமிநாதையர் 1892-இல் அச்சேற்றினார். சுவாமிகள் காலத்து மேடை, நாட்டார் கதையையே பெரிதும் நம்பியதற்கு அந்த அளவிலே சமாதானம் உண்டு. நூல் அன்று எல்லார் கையிலும் இல்லை. இன்று பள்ளி நூலகத்திலும் கிடக்கிறது. இனிமேலும் பேழையும் சோதிடனும் எதற்கு?

நம் இயக்கத்துக்கும் கண்ணகிக்கும் உள்ள உறவு எளிய உறவன்று. கலைஞர் எழுத்திலே 1964-இல் வெளிவந்த பூம்புகார் திரைப்படம், அவள் வழக்காடும் காட்சியைத் தமிழகத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டு சென்றது. பாவேந்தர் பாரதிதாசன் அவளைப் புரட்சிக் காப்பியத் தலைவியாக்கினார். 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையிலே அவளுக்குச் சிலை எழுந்தது. 2001-இல் அச்சிலை அகற்றப்பட்டபோது எழுந்த கொதிப்பையும், 2006-இல் அது மீண்டும் நிறுவப்பட்டதையும் நாடறியும். ஆனால் தந்தை பெரியாரோ இக்காப்பியத்தைக் கடுமையாகச் சாடினார். பெண்ணுக்கு மட்டும் கற்பு விலங்கு பூட்டும் நூல் என்றார். அந்தச் சாட்டையடிக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும்.

கணவன் எத்தனை ஆண்டு கைவிட்டாலும் வாய்திறவாத கண்ணகியை நாம் வாழ்த்தவில்லை. ஊரை எரிக்கும்போது பார்ப்பாரையும் பசுவையும் விலக்கச் சொன்ன கட்டளைக்கு நாம் வாதாடவில்லை. பின்னர்க் கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற் செழியன், ஒருவன் செய்த குற்றத்துக்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று சொல்லும் பகுதியை நெஞ்சு நடுங்கப் படிக்கிறோம். கோவலனை ஆராயாமல் கொன்ற அதே பிழை அங்கே ஆயிரம் மடங்காகிவிட்டது! இவை அனைத்தையும் தள்ளிய பின்னும் காப்பியத்திலே ஒன்று மிஞ்சுகிறது: அரசவையின் நடுவே நின்று, ஆள்பவனிடம் கணக்குக் கேட்ட பெண். பத்தினித் தெய்வத்தைக் கும்பிட ஊர் இருக்கிறது. வழக்காடிய பெண்ணைப் போற்ற நாம் இருக்க வேண்டும். அன்றைய மேடையிலே தள்ள வேண்டியதையெல்லாம் வைத்துக்கொண்டு, வைக்க வேண்டிய அந்த ஒன்றைத்தான் தள்ளினார்கள்.

பழங்கதைக்கு இத்தனை ஆரவாரமா என்று எண்ணாதீர். கோவலன் கொலையுண்டது ஒருமுறையன்று. 2020 ஜூன் திங்களிலே சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலிலே தாக்கப்பட்டு உயிரிழந்ததை மறந்தோமா? 2025 ஜூன் திங்களிலே, மதுரையை அடுத்த திருப்புவனம் வட்டாரத்து மடப்புரத்தில், கோயிற் காவலாளியாயிருந்த இருபத்தேழு வயது இளைஞர், நகை காணாமற் போனது என்ற புகாரின்பேரில் விசாரிக்கப்பட்டபோது, காவலர் அடித்ததிலே மாண்டார். காணாமற் போன நகை! ஆராயாத கைகள்! அழுகையோடு நின்ற வீட்டார்! பெயர்களை மாற்றினால் இது எந்தக் காதை? காவலர் ஐவர் கைது செய்யப்பட்டனர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. இவ்விரு கொலைகளையும் கேள்விக்கு உட்படுத்தியது மதுரையிலே 2004-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை. மடப்புரத்து மக்கள் காளி வந்து கொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. காளி கோயில் அந்த ஊரிலேயே இருந்தும், வழக்குத்தான் தொடுத்தார்கள். மேடை மறந்த பாடத்தை மக்கள் மறக்கவில்லை!

ஆகவே திருவிழாக் குழுவினருக்குச் சில சொற்கள். பபூனை விரட்டுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. உழைத்துக் களைத்த மக்களுக்குச் சிரிப்பும் வேண்டும். அந்தச் சிரிப்பு ஒரு மணி நேரத்தில் நிற்கட்டும். பெண்ணையும் சாதியையும் இழிக்காமல் நிற்கட்டும். அன்பளிப்பு அறிவிப்பைக் காட்சிகளின் இடைவேளைக்கு ஒதுக்குங்கள். ஒத்திகைக்கென்று ஒரு நாள் ஊதியம் சேர்த்துக் கொடுங்கள். வாணவேடிக்கைச் செலவிலே சிறு பகுதி அதற்குப் போதும். காளி சபதத்தை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தைத் தயங்கும் காவலருக்குக் கொடுங்கள். வழக்குரை காதைக்கு முழுதாய் அரை மணி நேரம் கொடுங்கள். மாணிக்கப் பரலைக் கூட்டத்தின் கடைசி வரிசையும் காணட்டும். பாண்டியன் தன் வாயாலேயே தன் குற்றத்தைச் சொல்லிச் சாயட்டும்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு சொல். முழுக் காப்பியத்தையும் மேடையேற்ற நம்மால் ஆகாது. கொலைக்களமும் அரசவையும் ஆகிய இரண்டு காட்சிகளைப் பள்ளி ஆண்டுவிழாவில் ஏற்ற ஒரு திரையும் இரண்டு சிலம்பும் போதும். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அரியணைக்கு எதிரே நின்று, "விசாரித்தீர்களா?" என்று கேட்கட்டும். அரியணையில் இருக்கும் சிறுவன் விடைசொல்ல முடியாமல் தலைகுனியட்டும். அந்த ஊரிலே நாளை எவனையேனும் ஆராயாமல் அடித்திழுத்துப் போகும்போது, "எங்கே சான்று?" என்று கேட்க ஒரு வாயேனும் இருக்கும்.